டர்பன் கடைப் பலகையில் ஒரு கறி எப்படி ஏறுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் சமைப்பதையும் இங்குள்ள கறிக்கடைகளின் மெனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழைக் குடிக்காமல் வளர்ந்தவர்கள் இங்கே குறைவு. கடைப் பலகையில் அதைத் தேடினால் கிடைக்காது. மாதக் கடைசியில் டின் மீனைத் திறந்து வெங்காயம், தக்காளி, மசாலா போட்டுக் கறியாக்காத வீடு அபூர்வம். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் அதுவும் அநேகமாக இருக்காது. ஆனால் பீன்ஸ் கறியை (காய்ந்த பீன்ஸ் கொட்டையில் வைப்பது) ரொட்டிக்குள் ஊற்றித் தரும் கடை தெருவுக்குத் தெரு உண்டு. அப்படியென்றால் வீட்டில் ருசிக்கிற ஒன்று மெனுவில் ஏற ருசியைத் தவிர வேறு எதுவோ வேண்டியிருக்கிறது. அது என்னவென்று பார்ப்போம்.

பலரும் நினைப்பது இப்படி: சமையல்காரருக்கு ஒரு யோசனை தோன்றும், செய்து பார்ப்பார், முதலாளி ருசி பார்த்துத் தலையாட்டுவார், மறுநாள் மெனுவில் வந்துவிடும். தலையாட்டுவது வரைக்கும் சரி. அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கிறது. டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் ஒரு சிறிய கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். சமையல் எனக்கு வராது, ஆனால் புது ஐட்டம் பற்றிப் பேச உட்காரும்போது என்னையும் கூப்பிடுவார்கள். ‘நல்லா இருக்கா’ என்ற கேள்வி அங்கே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் வேறு பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் மேல் ஆள் நிற்கும்போது இதை யார் செய்வது? ஆர்டர் சொன்னதிலிருந்து கையில் கொடுக்க எத்தனை நிமிடம்? ஒரு தட்டுக்கு எவ்வளவு செலவு? மிஞ்சினால் என்ன செய்வது? சமைக்கிற ஆயா விடுப்பில் போனால் வேறொருவர் செய்தாலும் இதே மாதிரி வருமா?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தால்தான் ஒரு கறி பலகையில் ஏறும். கூட்ட நேரத்திலும் அதே ருசியில், அதே அளவில், கைக்கு நஷ்டமில்லாமல் திரும்பத் திரும்பத் தர முடிந்ததைத்தான் கடை விற்க முடியும்.

பன்னி சாவ் ஏன் ஜெயித்தது

இதைப் புரிந்துகொள்ள டர்பனின் பன்னி சாவ் போதும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: துண்டு போடாத வெள்ளை ரொட்டியைக் கால், அரை என்று நறுக்கி, உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதியைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியில் சுடச்சுடக் கறியை ஊற்றி, தோண்டிய துண்டையே மேலே மூடி மாதிரி வைத்துத் தருவார்கள். கேரட், வெங்காயம், பச்சை மிளகாய், வினிகர் சேர்த்த சம்பல் பக்கத்தில் இருக்கும். ‘குவார்ட்டர் மட்டன்’ என்றால் கால் ரொட்டியில் ஆட்டுக்கறி. கையால்தான் சாப்பிட வேண்டும். முள்கரண்டி கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

மதராஸிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்கு அளந்து கொடுத்தது அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், உப்பு. அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவைக் கொடுத்த காலமும் உண்டு. அந்தச் சமையலிலிருந்து பன்னி சாவ் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். தோட்டத்துக்குச் சாப்பாடு எடுத்துப்போக ரொட்டியைப் பாத்திரமாக்கினார்கள் என்பது ஒரு கதை. அதிகம் சொல்லப்படும் கதை 1940-களின் கிரே தெருவைப் பற்றியது. இன்று அதன் பெயர் டாக்டர் யூசுப் தாதூ தெரு. இனப் பாகுபாட்டால் கறுப்பின மக்கள் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது. பின்வாசல் வழியாக அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், தட்டும் கரண்டியும் திரும்பி வராது, ரொட்டி மலிவு. கபிடான் சைவ உணவகத்தின் பெயர் இந்தக் கதையில் அடிக்கடி அடிபடும். அங்கே ஊற்றியது பீன்ஸ் கறி. ஆட்டுக்கறி பின்னால் சேர்ந்தது என்பார்கள்.

எந்தக் கதையை ஏற்றுக்கொண்டாலும் ஒன்று தெளிவு: யாரோ ஒருவர் ‘புதுசாக ஒரு பலகாரம் கண்டுபிடிப்போம்’ என்று உட்கார்ந்து யோசித்ததால் அது வரவில்லை. ஒரு கட்டாயம் இருந்தது, அதற்கு வழி கண்டார்கள். அந்தக் கட்டாயம் போன பிறகும் அது மெனுவில் நின்றதற்குக் காரணம் வேறு. கடை நடத்துபவர் கண்ணால் பாருங்கள். கழுவத் தட்டு இல்லை. பரிமாற ஆள் வேண்டாம். கறி காலையிலேயே பெரிய பாத்திரத்தில் வெந்துவிடும். மதியம் வரை சூட்டில் இருந்தால் கிரேவி இன்னும் இறுகி நன்றாகத்தான் ஆகும். ரொட்டி பக்கத்து பேக்கரியிலிருந்து தினமும் வருகிறது. ஆர்டர் சொன்ன ஒரு நிமிடத்தில் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேல், அதே பாத்திரத்து ஆட்டுக்கறியைச் சோற்றோடு தட்டில் வைத்தால் ஒரு ஐட்டம், சப்பாத்தி மாதிரியான ரோட்டியில் சுருட்டினால் ரோல், பிரெட்டுக்குள் ஊற்றினால் பன்னி சாவ், சுருக்கமாகப் பன்னி. பலகையில் மூன்று வரி, அடுப்பில் ஒரே பாத்திரம்.

கவுன்டரில் ரொட்டி வெட்டுபவரைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளிக் கத்தியை இறக்கி நாலு பக்கமும் கீறுவார், அடியைத் தொடாமல். பிறகு விரல்களை நுழைத்து உள்பகுதியை ஒரே கட்டியாக வெளியே இழுப்பார். அடி கிழிந்தால் கிரேவி காகிதத்தில் இறங்கும், அந்த ரொட்டி வீண். கறித் துண்டுகள் எண்ணி விழும், அப்புறம் உருளைக்கிழங்கு, கடைசியில்தான் கிரேவி. பார்ப்பதற்கு அள்ளி ஊற்றுகிற மாதிரி இருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் அளவு.

ஆட்டுக்காலும் பீன்ஸும்

இப்போது ஒரு கறி வீட்டிலிருந்து கடைக்கு வரும் பாதையைப் பார்ப்போம். டர்பன் தமிழர் வீடுகளில் ஆட்டுக்காலும் சுகர் பீன்ஸும் சேர்த்து வைக்கும் கறி பழைய பிரியம். எங்கள் கடையில் அது இல்லாமல் இருந்தது. வயதான வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்டார்கள். கவுன்டரில் ‘இல்லை’ என்று சொன்ன ஐட்டங்களை ஒரு நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. அதில் இதன் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நல்ல கடைகளில் இப்படி ஒரு நோட்டு இருக்கும். இல்லாத கடைகளில் யார் உரக்கக் கேட்டாரோ அவர் கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கும்.

முதல் தடை சமையல் குறிப்பு. எங்கள் ஆயாவுக்கு இந்தக் கறி கைவந்தது. ஆனால் எத்தனை மசாலா என்று கேட்டால், “அது கையளவுப்பா. கிராம் எல்லாம் என்னைக் கேக்காதே” என்பார். கையளவை வைத்து விலை போட முடியாது. இன்னொருவருக்குச் சொல்லியும் தர முடியாது. இதற்குச் சமையலறைகளில் ஒரு வழி இருக்கிறது. மசாலா டப்பாவைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பாட்டுக்கு அள்ளிப் போடட்டும். முடிந்ததும் மறுபடி டப்பாவை நிறுத்தால் எவ்வளவு குறைந்ததோ அதுதான் அவர் கை. உப்பு, எண்ணெய், இஞ்சி பூண்டு எல்லாவற்றுக்கும் இதே வேலை. “என்னைவிட உன் தராசுக்குத்தான் சமைக்கத் தெரியுமாக்கும்” என்று ஆயா சீண்டினாலும், எண்களைப் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியம்: ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு.

அடுத்தது அளவைப் பெருக்குவது. எட்டுப் பேருக்கான கறியை அறுபது பேருக்கு ஆக்கும்போது எல்லாவற்றையும் ஏழரை மடங்கு போட்டால் கறி கெட்டுவிடும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அந்த விகிதத்தில் வற்றாது, அதனால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். மிளகாயும் கிராம்பும் பட்டையும் அதே விகிதத்தில் ஏறினால் வாயில் வைக்க முடியாது. வெங்காயம் வதங்க வீட்டில் ஆகும் நேரத்தைவிடப் பல மடங்கு ஆகும், அது வதங்குவதற்குப் பதில் வேகவும் ஆரம்பித்துவிடும். கல்யாணச் சமையல் செய்தவர்களுக்கு இது தெரியும். வீட்டில் மட்டும் சமைத்தவர்கள் கடை போட்டு முதல் மாதத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம் வேலை. ஆட்டுக்காலை முடி பொசுக்கிச் சுரண்டிக் கழுவ வேண்டும். சுத்தம் செய்யாதது மலிவு, ஆனால் ஒருவர் அரை நாள் அதிலேயே உட்கார வேண்டும். சுத்தம் செய்ததைக் கசாப்புக் கடையில் வாங்கினால் விலை கூடுதல், ஆளின் நேரம் மிச்சம். எங்கள் கணக்கில் இரண்டாவதுதான் லாபம். பீன்ஸை முந்தின இரவே ஊற வைக்க வேண்டும். அதாவது நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். கால் வேகப் பல மணி நேரம், அதுவரை ஒரு அடுப்பு அதற்கே. ஆனால் ஒரு நல்லதும் உண்டு: மிஞ்சினால் குளிர்பெட்டியில் அல்வா மாதிரி உறைந்து கிடக்கும், மறுநாள் சூடாக்கினால் ருசி கூடும். மிஞ்சினால் வீணாகாத ஐட்டத்தை எந்தக் கடைக்காரரும் விரும்புவார்.

இவ்வளவுக்கும் பிறகும் நேராக மெனுவில் போடமாட்டார்கள். கரும்பலகையில் ‘இன்றைய ஸ்பெஷல்’ என்று சாக்பீஸால் எழுதுவார்கள். ஸ்பெஷல் என்றதும் ஏதோ விசேஷம் என்று வாடிக்கையாளர் நினைப்பார். கடைக்கு அது ஒரு பரீட்சை. நன்றாகப் போகாவிட்டால் துடைத்துவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அச்சடித்த மெனுவில் போட்டுவிட்டு ‘இல்லை’ என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். சில வாரம் வெள்ளிக்கிழமைகளில் விற்றுப் பார்த்தார்கள். எத்தனை போனது என்பதைவிட எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதுதான் முக்கியம். மதியத்துக்குள் தீர்ந்தால் தேவை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து நாலு பேருக்கு வாங்கிப் போனவர்களைப் பார்த்ததும் முதலாளிக்குச் சந்தேகம் போய்விட்டது. இப்போது அது பலகையில் இருக்கிறது, ‘வெள்ளி, சனி மட்டும்’ என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பு இல்லாமல் அது ஏறியிருக்காது.

விலை

ஒரு சின்னக் கணக்கு. எண்கள் புரிவதற்காக நானே எடுத்துக்கொண்டவை. ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னிக்குக் கறி, உருளைக்கிழங்கு, மசாலா, எண்ணெய், ரொட்டி, சம்பல், காகிதம் எல்லாம் சேர்த்து 42 ரேண்ட் (இந்நாட்டு நாணயம்) ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பது 110 ரேண்ட். தென்னாப்பிரிக்காவில் மெனு விலைக்குள்ளேயே வாட் வரி அடங்கியிருக்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து அது 15 விழுக்காடு. அதைக் கழித்தால் கடைக்கு வருவது ஏறக்குறைய 96 ரேண்ட். அதில் 42 போனால் மிச்சம் 54. பொருள் செலவு 44 விழுக்காடு. பீன்ஸ் பன்னிக்குச் செலவு 17, விற்பது 55, வரி போக 48, மிச்சம் 31. பொருள் செலவு 36 விழுக்காடுதான்.

உணவகத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பழைய விதி, பொருள் செலவு விற்பனையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்பது. அப்படிப் பார்த்தால் பீன்ஸ் கெட்டிக்கார ஐட்டம், மட்டன் மோசம். ஆனால் வாடகையையும் சம்பளத்தையும் விழுக்காட்டால் கொடுக்க முடியாது, ரேண்டால்தான் கொடுக்க வேண்டும். ஒரு பன்னிக்கு 54 ரேண்ட் மிச்சம் வைக்கும் மட்டன்தான் கடையை நடத்துகிறது. அதற்காகப் பீன்ஸைத் தூக்க முடியுமா? முடியாது. ஒரு குடும்பம் வந்தால் அதில் ஒருவர் கவிச்சி சாப்பிடாதவராக இருப்பார். அவருக்கு ஒன்றும் இல்லையென்றால் நாலு பேருமே வேறு கடைக்குப் போய்விடுவார்கள். இந்தக் காரணத்துக்காகவே சில ஐட்டங்கள் மெனுவில் உட்கார்ந்திருக்கும்.

டின் மீன் கறி ஏன் ஏறுவதில்லை என்பதற்கும் விடை இங்கேதான். சில டேக்அவே கடைகளில் அதை விற்கிறார்கள், ருசியாகவும் இருக்கிறது. ஆனால் டின் என்ன விலை என்று சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு வைத்தாலும் ‘இதுக்கா இவ்வளவு?’ என்று தோன்றும். ஆட்டுக்கறியிலும் பிரியாணியிலும் அந்தக் கணக்கை வாடிக்கையாளர் மனசுக்குள் போடுவதில்லை. விலை தெரிந்த பொருளை விற்பது கடினம்.

உருளைக்கிழங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டுக்கறியில் உருளைக்கிழங்கு போடுவது டர்பன் வழக்கம். கிரேவியை உறிஞ்சிக்கொள்வதால் ‘கிரேவி சோக்கர்’ என்று அதற்குச் செல்லப் பெயரே உண்டு. கறியைக் கூட்டிக் காட்ட வந்ததுதான். ஆனால் இன்று அது இல்லாமல் கொடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

அடுப்பு, ஆள், மின்சாரம்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, இவ்வளவு தமிழர் இருக்கிற ஊரில் தோசை ஏன் எல்லாக் கடையிலும் இல்லை என்று. இங்குள்ள பழைய கறிக்கடை பெரிய பாத்திரத்தையும், கறியைச் சூடாகவே வைத்திருக்கும் பெயின்மேரியையும் நம்பி அமைந்தது. காலையில் சமை, பகலெல்லாம் ஊற்று. தோசை அந்த அமைப்பில் பொருந்தாது. மாவு ஆட்ட வேண்டும், புளிக்க வேண்டும், கல்லின் முன்னால் ஒருவர் நாள் முழுக்க நிற்க வேண்டும், சுட்டதும் தின்ன வேண்டும். காகிதத்தில் சுற்றினால் தொய்ந்துவிடும். ஒரு தோசை ஐட்டம் வேண்டுமென்றால் ஒரு கல், ஒரு ஆள், ஒரு மாவு அரைக்கும் இயந்திரம் வேண்டும். அது ஒரு வரி அல்ல, இன்னொரு கடை.

அதோடு, இந்தியாவோடு தொடர்பே நெடுங்காலம் அறுந்திருந்தது. இனப் பாகுபாட்டை எதிர்த்து இந்தியா 1946-இல் வணிகத் தடை விதித்தது. தூதரக உறவு மறுபடி ஏற்பட்டது 1993 நவம்பரில்தான். அந்த இடைவெளியில் இங்குள்ள சமையல் தன் வழியில் வளர்ந்தது. கதவு திறந்த பிறகு இந்தியாவிலிருந்து சமையல்காரர்கள் வந்தார்கள், தந்தூர் அடுப்பும் பனீரும் பட்டர் சிக்கனும் வந்தன, தோசைக் கடைகளும் வந்தன. பட்டர் சிக்கன் பழைய கடைகளுக்குள்ளும் நுழைந்தது. எப்படி? தந்தூர் இல்லாமலே, பாத்திரத்தில் வைக்கிற கறியாக மாறி. இன்று பட்டர் சிக்கன் பன்னி பல பலகைகளில் உண்டு. பழைய முறைதான் சரி என்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நானும் கொஞ்சம் சுளிப்பேன். ஆனால் வெளியிலிருந்து வரும் எந்த உணவும் இப்படித்தான் ஏறும்: ஏற்கெனவே இருக்கிற அடுப்புக்கும் ரொட்டிக்கும் தன்னை மாற்றிக்கொண்டு.

மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. 2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. எரிவாயு அடுப்பில் செய்கிற கறிகள் தப்பித்தன. மின் அடுப்பையும் உறைபெட்டியையும் நம்பிய ஐட்டங்களைக் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைத்தன.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் முன்பே முடிவானது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நிற்கும் ஊரில் பல கடைகள் மாட்டுக்கறியையும் பன்றிக்கறியையும் தொடுவதே இல்லை, இறைச்சியை ஹலாலாகவே வாங்குகின்றன.

நாள்காட்டி

செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பகுதி மாதம் முழுக்க சைவம். ஆட்டுக்கறி விற்பனை படுத்துவிடும். கடைகள் ‘புரட்டாசி ஸ்பெஷல்’ என்று தனிப் பட்டியல் போடும்: காய்கறி பிரியாணி, பூசணிக்காய்க் கறி, பலாக்காய்க் கறி, சோயா கைமா, பருப்பு. எனக்கு இந்த மாதம்தான் மெனு எப்படி வளர்கிறது என்பதைக் காட்டும் சிறந்த மாதம். வாடிக்கையாளர்கள் கட்டாயத்தால் புதுசைச் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள், கடைக்கு ஒரு மாதப் பரீட்சை இலவசமாகக் கிடைக்கிறது. ஐப்பசி பிறந்து கவிச்சி திரும்பிய பிறகும் யாராவது பலாக்காய்க் கறியைக் கேட்டு வந்தால், அது வருஷம் முழுக்க நிற்கும் தகுதி பெற்றுவிட்டது என்று அர்த்தம். சோயா கைமா அப்படித்தான் பல கடைகளில் ஊன்றிக்கொண்டது.

ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் திருவிழாக் கூட்டம். அதே நாட்களில் பெரிய வெள்ளிக்கு ஊரில் பல வீடுகளில் மீன் கறி. ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் கரையோரம் வரும்; வலை இழுத்ததும் கடற்கரையிலேயே விற்பனை நடக்கும். என்றைக்கு வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சார்டின் கரும்பலகையோடு சரி, மெனுவுக்கு வராது. மெனுவைக் கூர்ந்து பார்த்தால் ‘மீன் கறி’ என்று மட்டும் போட்டிருப்பார்கள், மீன் பெயர் இருக்காது. அன்றைக்கு எந்த மீன் நல்ல விலைக்குக் கிடைத்ததோ அது உள்ளே போகும். நண்டுக்கும் இறாலுக்கும் நேரே விலை இல்லாமல் ‘விலை கேட்கவும்’ என்று இருப்பதும் இதே சமாளிப்புதான்.

ஏறியது நிற்குமா?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானா, டொனால்ட் ஸ்மித் இருவரும் 1982-இல் ‘மெனு இன்ஜினியரிங்’ என்று ஒரு முறையைச் சொன்னார்கள். ஒவ்வொரு ஐட்டத்தையும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: நிறைய விற்கிறதா, ஒவ்வொன்றும் நல்ல மிச்சம் வைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ‘நட்சத்திரம்’. நிறைய விற்று மிச்சம் குறைவென்றால் ‘உழவுக் குதிரை’. மிச்சம் அதிகம், வாங்க ஆள் இல்லை என்றால் ‘புதிர்’. இரண்டும் இல்லையென்றால் ‘நாய்’. கொஞ்சம் கொடூரமான பெயர்தான்.

‘நிறைய’ என்பதற்கும் ஓர் அளவு வைத்தார்கள். மெனுவில் 20 ஐட்டம் இருந்தால் சமமாகப் பங்கு பிரித்தால் ஒன்றுக்கு 5 விழுக்காடு. அதில் 70 விழுக்காடு, அதாவது 3.5-க்கு மேல் விற்றால் போதும், பிரபலம்தான். எங்கள் கடையில் மட்டன் நட்சத்திரம், பீன்ஸ் உழவுக் குதிரை, இறால் கறி புதிர். புதிரை என்ன செய்வது? பெயரை மாற்றலாம், பலகையில் மேலே கொண்டுவரலாம், கவுன்டரில் நிற்பவரைச் சொல்லச் சொல்லலாம், விலையைக் கொஞ்சம் இறக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் எடுத்துவிடலாம். இந்த முறைக்கு ஒரு குறை உண்டு: எந்த ஐட்டத்துக்கு எவ்வளவு உழைப்பு என்று அது கேட்பதில்லை. பீன்ஸ் கறி ஒரு பாத்திரம் வைத்தால் முடிந்தது. இறாலை உரித்து நரம்பெடுக்க ஒருவர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். இந்த நாலு வகையில் போட்டுப் பார்த்துவிட்டுச் சமையலறையில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

சுவரில் மாட்டிய பலகையில் இடம் குறைவு என்பதும் நல்லதுக்குத்தான். புதுசாக ஒன்று ஏற வேண்டுமானால் ஒன்று இறங்க வேண்டும். இறங்குவது எப்போதும் சண்டையில்தான் முடியும். எப்போதோ ஒருமுறை வந்து அதை மட்டுமே கேட்கும் வாடிக்கையாளர் ஒருவர் எல்லா ஐட்டத்துக்கும் இருப்பார். முதலாளி அவர் பக்கம் சாய்வார், நான் நோட்டைக் காட்டுவேன்.

பலகைக்கு வெளியிலும் ஒரு மெனு உண்டு. இறக்கிவிட்ட ஐட்டத்தையும், பலகையில் ஏறவே முடியாத வீட்டுக் கறிகளையும் விசேஷ ஆர்டராகச் செய்து தரும் கடைகள் இங்கே நிறைய. ஒரு தட்டாகக் கேட்டால் கட்டுப்படியாகாத மீன் பிரியாணி, முப்பது பேருக்கு ஒரே அண்டாவாக ஆகும்போது கட்டுப்படியாகிவிடும்: எத்தனை பேர் என்று முன்பே தெரியும், மிஞ்சாது, ஒரே நேரத்தில் இறக்கிக் கொடுத்துவிடலாம். அதனால் உங்களுக்குப் பிடித்த கறி மெனுவில் இல்லையென்றால் கவுன்டரில் கேட்டுப் பாருங்கள். ரெண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டும், பாதிப் பணம் முன்பணமாகக் கொடுக்க வேண்டும், பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். ஆர்டர் இல்லாவிட்டாலும் நீங்கள் கேட்ட பெயர் அந்த நோட்டில் ஏறிவிடும்.